ஒரு மணிக்கு வரும் எமர்ஜென்சி

நான் புகையைக் கணக்குப் போட்டுப் பிழைப்பவள். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஓர் ஆலையோ ஆஸ்பத்திரியோ விமான நிலையமோ தன்னைப் பெரிதாக்கிக்கொள்ள அனுமதி கேட்டால், அதனால் காற்றில் எவ்வளவு நஞ்சு கலக்கும் என்று ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையில் காற்று பற்றிய அத்தியாயத்தை எழுதுவது என் வேலை. எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒன்றை நினைத்தால் மட்டும் இப்போதும் வாயில் கசப்பு ஊறுகிறது.

எங்கள் டெல்டாவின் ஓரத்தில் ஒரு சின்ன விமான நிலையம். பெயர் வேண்டாம். சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் விமானம், அந்தப் பக்கம் குறுவை நெல். கட்டடத்தைப் பெரிதாக்கப் போகிறோம், மின்சாரம் போனால் சமாளிக்க ஏற்கெனவே இருக்கும் ஒரு ஜெனரேட்டரோடு பெரிதாக இன்னும் இரண்டு வைக்கப் போகிறோம் என்றார்கள். அவற்றின் புகையை மதிப்பிட்டுத் தரும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. நானும் இந்த மண்ணின் பெண் என்பதால் என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ஜின் எவ்வளவு பெரியது, எவ்வளவு பாரம் இழுக்கிறது, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற மூன்றையும் பெருக்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரித்தூள், எவ்வளவு நைட்ரஜன் வாயு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், அதையும் சேர்த்துப் பெருக்கினால் விடை வந்துவிடும். இன்ஜினின் அளவு அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். பாரத்தை ஓடும்போது நேரில் அளந்துவிடலாம். புத்தகத்தில் உள்ளதை யாரும் மாற்ற முடியாது. ஆகவே பொய் சொல்ல நினைப்பவனுக்கு ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் அது.

போவதற்கு முன் பழைய அறிக்கை ஒன்றைப் படித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இதே விமான நிலையத்துக்கு வேறு யாரோ முன்பு எழுதியது. படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இப்பகுதி மழை குறைந்த பாறை நிலமாம், முள்புதர்கள் அதிகமாம், பாசன வசதி கிடையாதாம். சுவரை ஒட்டி வாய்க்காலும், வாய்க்காலை ஒட்டி முழங்கால் அளவு சேறும் இருக்கிற ஊரைப் பற்றி இப்படி ஒரு வர்ணனை. எங்கேயோ மேட்டு நிலத்தில் இருக்கும் ஒரு விமான நிலையத்தின் அறிக்கையை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்ற படம்கூட அந்த ஊருடையதுதான். இதை ஒருவன் எழுதி, இன்னொருவன் சரிபார்த்து, மூன்றாமவன் ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தியிருக்கிறான். மூன்று பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை.

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை, புரட்டாசி பிறந்த புதிது. பத்தே முக்காலுக்கு ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போய்விட்டேன். ஆபரேட்டர் ஐம்பது வயதுக்காரர், நெற்றி நிறைய விபூதி. இன்ஜினின் நெற்றியிலும் விபூதி, நடுவில் குங்குமம், கீழே ஓர் எலுமிச்சம்பழம். ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள், புகைபோக்கியில் என் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார். டீ வந்தது. மறுபடி கேட்டேன். தண்ணீர் பாட்டில் வந்தது. மூன்றாவது முறை குரலை உயர்த்திய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் இன்ஜினில் கை வைக்க மாட்டாராம்.

எனக்குச் சரியான எரிச்சல். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நசுங்கி வந்தவளை ராகு உட்கார வைத்துவிட்டதே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் என் அம்மாவே அந்த நேரத்தில் என்னை வாசல்படி தாண்ட விடமாட்டாள் என்பதால் மேலே வாதாடவும் மனசு வரவில்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு அடிக்கும்வரை காத்திருந்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு அவர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு பக்கமும் போட்டு, கும்பிட்டு, பொத்தானை அழுத்தினார். கொட்டகை அதிர்ந்தது. புகைபோக்கியிலிருந்து முதலில் கறுப்பாக ஒரு திரள் வந்தது, பிறகு சாம்பல் நிறமாக ஓட ஆரம்பித்தது. என் மூக்குத்துவாரம் இரண்டும் பத்து நிமிஷத்தில் கரியாகிவிட்டன.

அளந்து முடித்துவிட்டு அலுவலகத்துக்குப் போய் ஜெனரேட்டர் ஓடிய பதிவேட்டைக் கேட்டேன். சிவப்பு அட்டை போட்ட சுத்தமான நோட்டு, ஓர் அடித்தல்கூட இல்லை. வாரம் ஒரு சோதனை ஓட்டம், பதினைந்து நிமிஷம், வேறு ஓட்டம் எதுவும் இல்லை. நாள் வெள்ளிக்கிழமை. நேரம் பத்து நாற்பத்தைந்திலிருந்து பதினொன்று. பக்கம் பக்கமாகத் திருப்பினேன். வருஷம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒவ்வொரு வெள்ளியும் பத்து நாற்பத்தைந்து.

சிரிப்பு வந்தது. உடனே அருவருப்பும் வந்தது. பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் அலுவலகம் எங்கோ தூரத்து நகரத்தில் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருக்கும் எவனோ எழுதி அனுப்பும் நோட்டு அது என்று விசாரித்ததில் தெரிந்தது. பொய் எழுதுகிறவனுக்கு இந்த ஊரில் எந்த நேரத்தில் இன்ஜின் ஓடாது என்றுகூடத் தெரியவில்லை. பொய்யையாவது கொஞ்சம் சிரத்தையாகச் சொல்லக் கூடாதா?

நோட்டை எடுத்துக்கொண்டு ஆபரேட்டரிடம் போனேன். அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். நேரத்தைப் படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. தன் பெயரில் யாரோ கெட்ட காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

"ராகு காலத்துல எவன் மேடம் ஸ்டார்ட் பண்ணுவான்? நான் பண்ணுனேன்னு எழுதி வச்சிருக்கானுவளே" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் என்னைக் கொட்டகையின் பின்சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருநூற்றைம்பது மணி நேரம் ஓடினால் இன்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும். மாற்றிய நாளை எல்லாம் அவர் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தார். மணி காட்டும் மீட்டர் எப்போதோ உடைந்துவிட்டது, புதிது கேட்டும் வரவில்லை, அதனால் தினமும் மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். சித்திரை, வைகாசியில் ஒரு தேதிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மாதம்தான் இருந்தது. மாதம் இருநூற்றைம்பது மணி என்றால் நாளைக்கு எட்டு மணி நேரம். சிவப்பு நோட்டின்படி அந்த இன்ஜின் முதல் ஆயில் மாற்றத்தைப் பார்க்கவே பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

ஏன் இத்தனை ஓட்டம் என்று கேட்டேன். பயணிகள் கூடத்தில் ஏசியைக் கூட்டிக்கொண்டே போனார்களாம். மின்வாரியத்திலிருந்து வாங்கிய இணைப்பு அந்தப் பாரத்தைத் தாங்காது. கூடுதல் இணைப்புக்கு எழுதிப் போட்ட காகிதம் யார் மேஜையிலோ தூங்குகிறது. அதனால் வெயில் ஏறியதும் ஜெனரேட்டரைப் போட்டுவிடுகிறார்கள். மின்சாரம் போனால் மட்டும் ஓட வேண்டிய எமர்ஜென்சி ஜெனரேட்டர் தினமும் ஓடுகிறது. எமர்ஜென்சி தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு டாண் என்று வந்துவிடுகிறது, புதன்கிழமை மட்டும் ராகு காலம் முடிந்து ஒன்றரைக்கு. மாற்றிய ஆயில் கொட்டகைக்குப் பின்னால் டிரம்மில் நிரம்பி வழிந்து, மண்ணில் ஊறி, வாய்க்கால் கரைவரை கறுப்பாகப் படர்ந்திருந்தது. அதன் மேல் ஒரு கொக்கு நின்றது. அதன் காலைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

சுவரின் கிழக்கே புகை எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்க வெளியே சுற்றிக்கொண்டு போனேன். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றுதான். நான் போய்ச் சேர்ந்தபோது சரியாக ஒரு மணி. உள்ளே இன்ஜின் உறுமியதும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்மணி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். களத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லை மளமளவென்று மூடினார், நாலு மூலைக்கும் செங்கல் வைத்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். நானும் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன்.

அவருடைய பெற்றோர் அந்த வயல்களில் கூலிக்கு நட்டவர்கள். இவர் அதே வயலில் மூன்று மா நிலத்தை, அதாவது ஓர் ஏக்கரை, குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறார். சொந்தம் என்று இருப்பது ஓர் ஓட்டு வீடும் அந்தச் சிமென்ட் களமும்தான். குறுவை நெல் அறுக்கும்போதே ஈரமாக இருக்கும். காயவைத்துக் கொண்டுபோனால்தான் கொள்முதல் நிலையத்தில் வாங்குவார்கள், ஈரம் கூடினால் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். காயவைக்க நல்ல வெயில் மத்தியானம்தான். அந்த மத்தியானத்தில்தான் இந்தப் புகை.

"மூடுனா ஈரம் போவ மாட்டேங்குது. மூடாம வுட்டா கரி படிஞ்சு, நெல்லு நெறம் மாறியிருக்குன்னு திருப்பி அனுப்புறாங்க. ரெண்டுல எதைச் செய்யச் சொல்றீங்க?" என்றார்.

என் வெள்ளைக் கைக்குட்டையால் தார்ப்பாயை ஒரு இழுப்பு இழுத்தேன். கறுப்பு. வீட்டு ஜன்னல் கம்பியை, தண்ணீர்க் குடத்தின் மூடியைத் துடைத்தேன். எல்லாம் கறுப்பு. அவர் என்னைக் களத்தின் ஓரத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அதன் மேலும் இரண்டு கரித்துகள் மிதந்தன. அவர் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாதாரணமாக நீட்டினார், நான் குடித்தேன். எந்த ஊர் என்று கேட்டார். குடவாசல் பக்கம், என் அப்பாவும் நடவுக்குப் போனவர்தான் என்றேன். அதற்குப் பிறகு வாங்க போங்க எல்லாம் போய்விட்டது.

புதிதாக வரும் இரண்டும் எங்கே நிற்கப் போகின்றன என்று வரைபடத்தில் காட்டினேன். அவர் களத்துக்கு நேர் எதிரே, சுவரின் அந்தப் பக்கம். மேற்கே காலி இடம் நிறைய இருக்கிறது. ஆனால் அங்கே பெரிய மனிதர்கள் வந்து இறங்கும் ஓய்வறை இருக்கிறது, அவர்கள் காதுக்குச் சத்தம் ஆகாதாம்.

"அந்தப் பக்கம் மாத்தி வைங்கன்னு நீ எழுதுனா கேப்பாங்களாம்மா?"

"எழுதுறேன்க்கா" என்றேன். அப்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

எழுதவும் செய்தேன். சுவரில் இருந்த தேதிகளைப் படமெடுத்து வந்து, ஓடிய மணி நேரத்தை அதிலிருந்து கணக்கிட்டேன். இந்த ஊர்க் காற்றின் பதிவுகளை வானிலைத் துறையிடம் வாங்கிப் போட்டேன். கணினியில் படம் வந்தது. புகை வரம்பு மீறும் இடத்தைக் காட்டும் சிவப்பு வட்டம் சுவரைத் தாண்டி, அவர் வீட்டையும் களத்தையும் விழுங்கிக்கொண்டு வாய்க்கால்வரை போயிருந்தது. இயந்திரங்களை மேற்கே மாற்ற வேண்டும், புகைபோக்கியை உயர்த்த வேண்டும், தினசரி ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று முடிவுரை எழுதிக் கொண்டுபோய் எங்கள் இயக்குநரின் மேஜையில் வைத்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மிக நல்ல வேலை என்று பாராட்டினார். பிறகு எமர்ஜென்சி ஜெனரேட்டர் என்றால் எமர்ஜென்சிக்கு மட்டும்தான் ஓடும், அதன் பெயரிலேயே இருக்கிறதே என்றார். அரசாங்கப் பதிவேடு ஒன்று இருக்கும்போது ஒரு தொழிலாளி சுவரில் கிறுக்கியதை ஆதாரமாகக் காட்ட முடியுமா என்றார். ராகு காலத்தைச் சொன்னேன். அதை அறிக்கையில் எழுதப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தார். கடைசியாக, இந்த அறிக்கையில்தான் காற்றுத் துறை நிபுணர் என்று என் பெயர் முதல் தடவையாக வரப்போகிறது, அதைத் தள்ளிப்போட வேண்டாமே என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை விலைக்கு வாங்கியது. பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளப் பல தடவை முயன்றிருக்கிறேன். பயம் இல்லை, ஆசை. எங்கள் தெருவிலிருந்து முதல் இன்ஜினியர் நான். நிபுணர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரைப் பார்க்க எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இதை எழுதும்போதே என் மேல் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். வாரத்துக்குப் பதினைந்து நிமிஷம். சிவப்பு வட்டம் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி உருகிச் சுருங்கி, சுவருக்கு உள்ளேயே ஒரு புள்ளியாக நின்றுவிட்டது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாகவா இருக்கும் இது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. முடிவுரையில் மூன்று பரிந்துரைகளையும் அழித்துவிட்டு, அருகில் வசிப்பவர்களுக்குப் பாதிப்பு ஏதும் இருக்காது என்று எழுதினேன்.

இப்படிப்பட்ட அறிக்கைகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அதற்கு முன் தமிழில் ஒரு சுருக்கம் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம். அதிகாரிகளுக்கு மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, முந்திரி, பிஸ்கட். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். சமையற்கட்டிலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது, பேசி முடித்தால் பொட்டலம் உண்டு. யாரோ செத்த வீட்டில் பந்தி போட்ட மாதிரி இருந்தது எனக்கு. நான் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பெயர்ப்பலகை, நிபுணர் என்று போட்டு.

இரண்டு மூன்று பேர் எழுந்து ஜெனரேட்டர் வேண்டாம் என்று சத்தம் போட்டார்கள். அப்போது அந்த அக்கா எழுந்து ஒலிபெருக்கியின் முன்னால் வந்தார். கையில் அந்தத் தமிழ்ச் சுருக்கம், படித்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்துவிடப் போகிறார், கிழிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் சத்தம் போட்டவர்களைப் பார்த்துத் திரும்பினார்.

"சும்மா இருங்கப்பா. அந்தப் புள்ள நேருல வந்து பாத்துச்சு. என் களத்துல உக்காந்துச்சு, கைக்குட்டைல தொடச்சுப் பாத்துச்சு. பாதிப்பு இருக்காதுன்னு எழுதியிருக்கு. அப்படின்னா மேக்கால மாத்தி வைக்கச் சொல்லிட்டுதுன்னுதான அர்த்தம்? இங்கயே வச்சிக்கிட்டு அப்புடி எழுதுமா அது?"

எதிர்த்தவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். மேடையிலிருந்த அதிகாரி என்னைப் பார்த்து, நீங்கள் ஏதாவது விளக்கம் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஒலிபெருக்கி எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இல்லை சார் என்றேன். அருகில் வசிக்கும் பெண்மணி அறிக்கையில் நம்பிக்கை தெரிவித்தார், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே வரும்போது அக்கா என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். எனக்குக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தைப் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய்க்குப் போட்டேன்.

அனுமதி வந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் மண் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அவர் குரலில் கோபமே இல்லை, பதற்றம்தான்.

"ஏம்மா, வேலைக்கு வந்தவனுவ தப்பா நம்ம பக்கம் அஸ்திவாரம் தோண்டுறானுவ. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறானுவ. நீ எழுதுன காயிதத்தக் கொஞ்சம் கொண்டாந்து காட்டுறியா?"

வர்றேன்க்கா என்றேன். போகவில்லை.